ஆங்கிலேய நாட்டுப்புறக் கனவானின் பழைய எண்ணெய் ஓவியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் பழைய ஓவியங்களைச் செப்பனிடும் ஒரு சிறு பட்டறையில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். ஏலத்தில் வாங்கியவர்கள், பழைய மாளிகைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்கள், வாடகை வீட்டுச் சுவரில் முன்பே தொங்கியதைக் கண்டவர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே வகைப் படத்தைப் பற்றித்தான். வெண்ணிறப் பொய்முடியும் நீண்ட கோட்டும் அணிந்து, நம்மை நிதானமாகப் பார்க்கும் 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஒருவரின் எண்ணெய் ஓவியம் அது. திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தக் கனவான் யார்? பிரபுவா, நம் ஊர் ஜமீன்தார் மாதிரியா?

பெரும்பாலும் பிரபு அல்லர். பிரபுக்கள் பட்டம் பெற்று மேலவையில் இடம் வகித்தவர்கள். அவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர். அவர்களுக்கு அடுத்த படியில், பட்டம் இல்லாமல், சொந்த நிலத்திலிருந்து வரும் குத்தகைப் பணத்தில் வாழ்ந்த குடும்பங்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்தன. அந்தக் குடும்பத்தின் தலைவரை ஊரார் 'ஸ்குவயர்' என்று அழைத்தார்கள். சிறு வழக்குகளை விசாரிக்கும் கௌரவ நீதிபதியாக அவரே இருப்பார். தேர்தலில் குத்தகைதாரர்கள் யாருக்கு வாக்களிப்பது என்பதும் பல ஊர்களில் அவர் விருப்பப்படியே நடந்தது.

ஜமீன்தாரோடு ஒப்பிடுவதில் ஓரளவு பொருத்தம் உண்டு. ஆனால் ஜமீன்தார் அரசுக்கு வரி வசூலித்துக் கொடுக்கும் பொறுப்பு உடையவர். இவருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது, நிலமே அவருடையது. படத்தில் அவர் முகத்தில் தெரியும் அமைதிக்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

எதற்காக இத்தனை பேர் தங்களை வரைந்துகொண்டார்கள்?

திருமணம், தந்தையின் சொத்து கைக்கு வருவது, புதிதாகக் கட்டிய வீட்டில் குடியேறுவது ஆகியவைதான் வழக்கமான தருணங்கள். மாளிகையின் மாடிப்படி ஓரத்திலும் உணவுக்கூடத்திலும் தலைமுறை வரிசையாகப் படங்கள் தொங்கும். விருந்துக்கு வருபவர், இந்தக் குடும்பம் இந்த மண்ணில் நெடுங்காலமாக இருக்கிறது என்பதை யாரும் சொல்லாமலேயே உணர்ந்துகொள்வார்.

எல்லாப் படங்களும் ஏன் ஒரே அளவில் இருக்கின்றன?

கேன்வாஸ் விற்பவர்கள் குறிப்பிட்ட சில அளவுகளில் அதை முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தார்கள். ஓவியர்களும் அந்த அளவுகளுக்கு ஏற்பவே கூலி நிர்ணயித்தார்கள். தலையும் மார்பும் மட்டும் வரும் படத்துக்கு 30×25 அங்குலம், இடுப்பும் கைகளும் வருவதற்கு 50×40, முழு உருவத்துக்கு ஏறத்தாழ 94×58. இடையில் 36×28 அங்குலத்தில் ஓர் அளவு உண்டு. அதற்குக் 'கிட்-கேட்' என்று பெயர். லண்டனின் கிட்-கேட் மன்ற உறுப்பினர்களைக் காட்ஃப்ரி நெல்லர் என்ற ஓவியர் வரிசையாக அந்த அளவில் வரைந்ததால் வந்த பெயர் அது. அந்த வரிசையை இன்றும் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் தொகுப்பில் காணலாம்.

1764-இல் ஜோஷுவா ரெனால்ட்ஸ் தலைப்படத்துக்கு 30 கினியும், அரை உருவத்துக்கு 70 கினியும், முழு உருவத்துக்கு 150 கினியும் வாங்கினார். ஒரு கினி என்பது 21 ஷில்லிங்; அதாவது ஒரு பவுண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். தலைநகரின் முதன்மை ஓவியருக்கு உரிய கூலி இது; மாவட்டம் மாவட்டமாகச் சென்று வரைந்த ஓவியர்கள் இதைவிட மிகக் குறைவாகவே பெற்றார்கள். உங்கள் வீட்டுப் படம் 30×25 அளவில் இருந்தால், வரைந்துகொண்டவர் பட்டியலிலேயே மலிவானதைத் தேர்ந்தெடுத்தவர் என்று பொருள். அப்படித் தேர்ந்தவர்களே அதிகம்.

முகம் உயிரோடு இருக்கிறது, உடம்பு மட்டும் பொம்மை போல இருக்கிறதே?

முகத்தை வரைந்தவரும் உடையை வரைந்தவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வாய்ப்புண்டு. அமர்பவர் ஓவியர் முன் சில முறைதான் உட்காருவார்; அந்த நேரத்தில் முகம் முடிந்துவிடும். பிறகு கேன்வாஸ் உடை வரைபவரிடம் போகும். அவர் ஒரு மரப்பொம்மைக்குக் கோட்டை மாட்டி, மடிப்புகளைப் பார்த்து வரைவார். நீங்கள் 'பொம்மை போல' என்று சொல்வது பல சமயங்களில் உள்ளபடியே பொம்மைதான்.

இந்த வேலையில் மிகப் புகழ்பெற்றவர் ஜோசப் வான் ஆகன். தாமஸ் ஹட்சன், ஆலன் ராம்சே ஆகிய இருவரின் படங்களுக்கும் அவரே பட்டும் வெல்வெட்டும் தீட்டிக் கொடுத்தார். அதனால் வெவ்வேறு ஓவியர்களின் படங்களில் ஒரே கோட்டைக் கண்டு இன்றும் பலர் குழம்புகிறார்கள். 1749-இல் அவர் இறந்தபோது, இனி யார் உடை வரைந்து தருவார்கள் என்று மற்ற ஓவியர்கள் அழுதுகொண்டே சவ ஊர்வலத்தில் போவது போல ஓவியர் ஹோகார்த் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். கெயின்ஸ்பரோ போன்ற சிலர் மட்டும் உடையையும் தாங்களே தீட்டுவதில் உறுதியாக இருந்தார்கள்.

ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்திருக்கிறாரே, கை வரையத் தெரியாததாலா?

இந்த விளக்கத்தை நான் மாதந்தோறும் கேட்கிறேன், அது தவறு. உள்சட்டையின் பொத்தான்களுக்கு இடையே கையை வைத்து நிற்பது அந்தக் காலத்தில் நல்வளர்ப்பின் அடையாளம். துணிவும் அடக்கமும் சேர்ந்த நிலை என்று, 1737-இல் லண்டனில் வெளிவந்த நடத்தை நெறிக் கையேடு ஒன்று அதைப் படத்தோடு விளக்குகிறது. இரண்டு கைகளையும் மறைத்திருந்தால் வேண்டுமானால் ஓவியரைச் சந்தேகிக்கலாம்.

துப்பாக்கியும் நாயும் வெறும் பொழுதுபோக்கைக் காட்டத்தானா?

அதைவிட அதிகம். 1671-இல் வந்த வேட்டைச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலமோ அதற்கு இணையான தகுதியோ இல்லாதவர் முயலையும் கௌதாரியையும் வேட்டையாடக் கூடாது. தன் சொந்த வயலில் ஓடும் முயலைக்கூடச் சிறு விவசாயி தொட முடியாது. இந்த ஏற்பாடு 1831 வரை நீடித்தது. ஆகவே கையிடுக்கில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்கிறார் என்றால், அதைப் பார்த்த அண்டை வீட்டாருக்கு அவருடைய தகுதி உடனே புரிந்தது.

இதை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால், லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, கெயின்ஸ்பரோ 1750 வாக்கில் வரைந்த ஆண்ட்ரூஸ் தம்பதியர் படத்தின் முன் நில்லுங்கள். ராபர்ட் ஆண்ட்ரூஸ் ஓர் ஓக் மரத்தடியில் சாய்ந்து நிற்கிறார். நாய் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கிறது. நீலப் பட்டுடுத்திய மனைவி ஃபிரான்சிஸ் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். இருவரும் படத்தின் இடது பாதியில் ஒதுங்கிக்கொள்ள, வலது பாதி முழுவதும் அவர்களுடைய நிலம். அறுத்துக் கட்டிய கோதுமைக் கட்டுகளுக்கு முன்னால், அறுவடைக்குப் பின் எஞ்சிய பயிர்த்தாள்கள் நேர்வரிசையில் நிற்கின்றன. கையால் வீசி விதைத்தால் இப்படி வரிசை வராது, விதைக்கும் கருவியால்தான் வரும். அப்பால் அடைப்புக்குள் ஆடுகள். அந்த வரிசைகளை அவ்வளவு கவனமாக வரையச் சொன்னவர் தம் விவசாயத்தில் பெருமை கொண்டிருந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஃபிரான்சிஸின் மடியில் ஒரு சிறு இடம் தீட்டப்படாமல் வெறும் கேன்வாஸாகவே விடப்பட்டிருக்கிறது. கணவர் சுட்ட பறவை வருவதற்கான இடம் என்பார் சிலர், பிறக்கப் போகும் குழந்தைக்கு என்பார் சிலர். எதுவும் முடிவாகவில்லை. படம் 1960 வரை ஆண்ட்ரூஸ் குடும்பத்திடமே இருந்தது.

எந்தக் காலத்துப் படம் என்று வீட்டிலேயே கணிக்க முடியுமா?

பத்து இருபது ஆண்டு இடைவெளிக்குள் கணிக்கலாம். முதலில் தலையைப் பாருங்கள். தோளுக்குக் கீழே இரு பக்கமும் சுருள்சுருளாக இறங்கும் பெரிய பொய்முடி 1700-ஐ ஒட்டியது. காதோரம் சுருண்டு, பின்னால் கறுப்பு நாடாவால் கட்டிய சிறு பொய்முடி நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு உரியது. 1795-இல் பிரதமர் பிட், முடியில் தூவும் வெள்ளை மாவுக்கு ஆண்டுக்கு ஒரு கினி வரி போட்டார். அதன்பின் மாவும் பொய்முடியும் வேகமாக வழக்கொழிந்தன. மாவு பூசாத சொந்த முடியைக் குட்டையாக வெட்டிய இளைஞர் என்றால், அநேகமாக அந்த ஆண்டுக்குப் பிந்தியவர்.

அடுத்தது கோட்டு. 1740-களில் கைமடிப்பு அகலமானது, கோட்டுக்குக் கழுத்துப்பட்டி இராது. போகப் போகக் கைமடிப்பு ஒடுங்கும், கழுத்துப்பட்டி எழும். ஒரு எச்சரிக்கை: முதியவர்கள் தங்கள் இளமைக்காலப் பொய்முடியை விடமாட்டார்கள். ஆகவே முதியவர் படத்தில் தலையைவிடக் கோட்டை நம்புங்கள்.

படத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறீர்களே, பின்னால் என்ன இருக்கிறது?

என்னிடம் வருபவர்கள் அனைவரையும் நான் முதலில் செய்யச் சொல்வது இதுதான். முன்பக்கத்தைப் பலர் துடைத்திருப்பார்கள், மேலே தீட்டியிருப்பார்கள். பின்பக்கத்தை யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். கேன்வாஸ் துணியின் மேல் வரி செலுத்தியதற்கான முத்திரை இருந்தால், துணி 1831-க்கு முற்பட்டது. அந்த வரி அவ்வாண்டோடு ஒழிந்தது. 'வின்சர் & நியூட்டன்' முத்திரை இருந்தால், அந்த நிறுவனம் 1832-இல்தான் தொடங்கியது என்பதால், துணி அதற்குப் பிந்தியது. மரச்சட்டத்தில் அச்சுத்தகடு வைத்துக் கறுப்பு மையில் அடித்த எழுத்தும் எண்களும் இருந்தால், அது கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் இருப்பு எண்ணாக இருக்கலாம். அந்த எண்ணை வைத்து எந்த ஏலம் என்று அவர்களிடமே விசாரிக்க முடியும்.

சென்ற குளிர்காலத்தில் ஒருவர் கொண்டுவந்த 30×25 அளவுப் படத்தின் பின்னால், மரச்சட்டத்துக்கும் துணிக்கும் இடையே கைநிறையத் தூசி அடைந்திருந்தது. மென்தூரிகையால் அதை வெளியே தள்ளியபோது, அதோடு கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு காகிதத் துண்டும் விழுந்தது. பழுப்பு மையில் 'உணவுக்கூடம், 4' என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் அந்தப் படம் ஏதோ ஒரு வீட்டின் உணவுக்கூடத்தில் நான்காவதாகத் தொங்கியது என்பதும், அந்த வீட்டுக்கு ஒரு பட்டியல் இருந்தது என்பதும் தெரிந்துவிட்டன. துண்டைத் தூசியோடு சேர்த்து வீசியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

கையெழுத்தே இல்லை, அப்படியானால் போலியா?

18-ஆம் நூற்றாண்டு ஆங்கில உருவப்படங்களில் கையெழுத்து இல்லாதவையே மிகுதி. ரெனால்ட்ஸே மிக அரிதாகத்தான் கையெழுத்திட்டார். என் அனுபவத்தில், கொட்டையெழுத்தில் பளிச்சென்று ஒரு பெரிய ஓவியர் பெயர் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன். படத்தின் விரிசல்கள் அந்த எழுத்தினூடே செல்ல வேண்டும்; எழுத்தின் மை விரிசலுக்குள் இறங்கியிருந்தால், அது விரிசல் விழுந்த பிறகு எழுதியது.

போலி என்பதும் பிற்காலப் படி என்பதும் ஒன்றல்ல. சொத்து பிரியும்போது, சகோதரர்கள் ஒவ்வொருவருக்கும் தாத்தாவின் படம் வேண்டும் என்று நேர்மையாகவே படியெடுத்த குடும்பங்கள் ஏராளம். அத்தகைய படியை நிறமிகள் காட்டிக்கொடுக்கும். முதல் தீட்டலிலேயே டைட்டானியம் வெள்ளை இருந்தால் அது 20-ஆம் நூற்றாண்டு வேலை. விரிடியன் பச்சை இருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்பு இருக்க முடியாது. பழைய வெள்ளை என்றால் ஈய வெள்ளைதான்.

ஏலப் பட்டியலில் 'அவருடைய வட்டம்', 'அவர் பாணி' என்றெல்லாம் போடுகிறார்களே?

இவை ஒவ்வொன்றும் பொறுப்பை ஒரு படி குறைக்கும் சொற்கள். ஓவியரின் முழுப்பெயர் மட்டும் இருந்தால், அவரே வரைந்தது என்பது நிறுவனத்தின் கருத்து. 'அவருடையதாகக் கருதப்படுவது' என்றால் ஒருவேளை அவர். 'அவர் பட்டறை' என்றால் அவர் கண்காணிப்பில் பிறர். 'அவர் வட்டம்' என்றால் அதே காலத்தவர், நெருங்கியவர். 'அவர் பாணி' என்றால் பிற்காலத்தவராகவும் இருக்கலாம். 'அவரைப் பார்த்து' என்றால் நகல். ஒவ்வொரு படி இறங்கும்போதும் விலை பெருமளவு சரியும்.

படம் முழுக்கப் பழுப்பாக இருக்கிறது. உருளைக்கிழங்கு தேய்த்தால் போகும் என்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். உருளைக்கிழங்கு, வெங்காயம், ரொட்டித்துண்டு, சோப்புத்தண்ணீர் எதுவும் வேண்டாம். ஈரம் விரிசல் வழியே இறங்கி, துணிக்கும் வண்ணத்துக்கும் இடையே உள்ள அடிப்பூச்சை ஊறவைக்கும். வண்ணம் செதில் செதிலாக உரியும். அப்படி உரிந்த கன்னங்களோடு வந்த படங்களை நான் கண்டிருக்கிறேன். இழந்த கன்னத்தை என்னால் புதிதாகத் தீட்ட முடியும். ஆனால் அது என் கன்னமாகத்தான் இருக்கும், அவருடையதாக இராது.

பழுப்புக்குக் காரணம் வார்னிஷ். மரப்பிசினைக் கரைத்துப் பூசிய அந்த மேற்பூச்சு ஐம்பது, அறுபது ஆண்டுகளில் மஞ்சளாகிப் பின் தேன் நிறமாகும். கணப்புப் புகையும் அதோடு சேரும். பயிற்சி பெற்றவர் முதலில் புற ஊதா விளக்கில் பார்ப்பார். பழைய வார்னிஷ் பச்சை கலந்த ஒளியில் மின்னும். அதன்மேல் பிற்காலத்தில் தீட்டிய திட்டுகள் கறுப்பாகத் தெரியும். பிறகு ஓரத்தில் ஒரு தபால்தலை அளவு இடத்தில் கரைப்பானைச் சோதித்து, சிறு பஞ்சுருண்டையை உருட்டி உருட்டிக் கரைப்பார். மேலே சொன்ன 'உணவுக்கூடம், 4' கனவானின் கோட்டு எல்லார் கண்ணுக்கும் கரும்பச்சையாக இருந்தது. மூன்றாவது பஞ்சுருண்டையில், மஞ்சளுக்குக் கீழிருந்து நீலம் வந்தது. அவர் அணிந்திருந்தது நீலக் கோட்டு.

சுத்தம் செய்த பிறகும் முகம் பிணம் போல வெளுத்திருக்கிறதே?

அது வார்னிஷோடு தொடர்பில்லாத, திருத்த முடியாத இழப்பு. கன்னச் சிவப்புக்குப் பூச்சிகளிலிருந்து எடுத்த சாயச் சிவப்பைப் பயன்படுத்தினால், அது வெளிச்சத்தில் வெளுத்துவிடும். ரெனால்ட்ஸ் படங்கள் அவர் வாழ்நாளிலேயே இப்படி வெளுத்ததால், பணம் கொடுத்தவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த ஓரத்தில் நிறம் சில சமயம் மிச்சமிருக்கும். ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

கோட்டுக்குள்ளிருந்து இன்னொரு கை மங்கலாகத் தெரிகிறது. இது என்ன?

ஓவியர் கையை முதலில் ஓரிடத்தில் தீட்டி, பிறகு மனம் மாறி அதன்மேல் கோட்டைத் தீட்டியிருக்கிறார். எண்ணெய் வண்ணம் வயதாக ஆக ஒளி ஊடுருவும் தன்மை பெறுவதால், அடியில் இருப்பது மேலே எட்டிப் பார்க்கும். படியெடுப்பவருக்கு இப்படி மனம் மாறத் தேவையே இல்லை. ஆகவே இந்த மங்கலான கை, மூலப்படம் என்பதற்கு ஒரு நல்ல சான்று. மறைத்துத் தரும்படி கேட்காதீர்கள்.

இந்தக் கனவான்களுக்கும் நம் சென்னைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி வழியாக மதராஸில் பணம் சேர்த்துத் திரும்பியவர்கள் இங்கிலாந்தில் நிலம் வாங்கிக் கனவான்கள் ஆனார்கள். 1763 முதல் 1767 வரை மதராஸ் ஆளுநராக இருந்த ராபர்ட் பால்க், டெவன் மாவட்டத்தில் ஹால்டன் மாளிகையை வாங்கினார். மதராஸ் படைத்தலைவராக இருந்த தம் நண்பர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் நினைவாக அங்கே அவர் எழுப்பிய கோபுரம் இன்றும் மலைமேல் நிற்கிறது. ஓவியர்களும் எதிர்த்திசையில் வந்தார்கள். டில்லி கெட்டில் 1769-இல் மதராஸ் வந்தார். அவரும், பின்னர் வந்த ஜார்ஜ் வில்லிசனும் ஆற்காடு நவாப் முகமது அலியை வரைந்தார்கள். தாமஸ் ஹிக்கி 1824-இல் மதராஸிலேயே இறந்தார். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் அக்காலத்து எண்ணெய் உருவப்படங்களைப் பார்க்கலாம்.

இந்தியாவில் உங்களிடம் இத்தகைய படம் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த ஓவியம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

இவ்வளவு பழைய படம், ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது?

எப்போதும் மலிவாக இருந்ததில்லை. 1870-களில் தானிய விலை சரிந்து குத்தகை வருமானம் குறைந்தது. 1894-இல் வாரிசு வரி கடுமையானது. மாளிகைகள் படங்களை விற்கத் தொடங்கின, அமெரிக்கச் செல்வர்கள் அள்ளிக்கொண்டார்கள். கெயின்ஸ்பரோவின் 'நீல உடைச் சிறுவன்' ஓவியம் 1921-இல் ஹென்றி ஹண்டிங்டனுக்கு விற்கப்பட்டு கலிஃபோர்னியாவுக்குப் போனது அந்த அலையில்தான். 1930-களின் பொருளாதாரச் சரிவுக்குப் பின் அந்த வேட்கை தணிந்தது. இன்று பெயர் தெரிந்த பெண், குழந்தை, நல்ல குதிரை உள்ள படங்களுக்குப் போட்டி இருக்கிறது. பெயர் தெரியாத, ஓவியர் தெரியாத நடுவயது ஆணுக்கு இல்லை. எனக்கு இது வருத்தமே.

அவர் பெயரைக் கண்டுபிடிக்க வழி உண்டா? கிடைக்காவிட்டால்?

படத்தின் மூலையில் பொன்னெழுத்தில் பெயர் இருந்தால் மகிழ்ச்சியடையும் முன், காலம் பற்றிய கேள்வியில் சொன்ன கோட்டு, பொய்முடிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். இத்தகைய பெயர்களைப் பல குடும்பங்கள் தலைமுறைகள் கழித்தே எழுதின; தாத்தாவின் பெயர் பேரன் படத்தில் ஏறிவிடும். குலச்சின்னம் இருந்தால் அதை வைத்துக் குடும்பத்தை அடையாளம் காணலாம். தேசிய உருவப்படக் காட்சியகத்தின் ஹைன்ஸ் ஆவணக்காப்பகத்தில் பிரிட்டிஷ் உருவப்படங்களின் ஒளிப்படங்கள் பெருந்தொகையாக உள்ளன. 'ஆர்ட் யூகே' இணையதளத்தில் பிரிட்டனில் பொது நிறுவனங்களுக்குச் சொந்தமான எண்ணெய் ஓவியங்களைத் தேடலாம். அதே முகமோ அதே கோட்டோ வேறு படத்தில் கிடைக்கும். கோட்டு மட்டும் ஒத்திருந்தால் வான் ஆகனை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிடைக்காவிட்டால் 'பெயர் தெரியாத கனவான்' என்றே எழுதிவையுங்கள். பொருத்தமாகத் தோன்றும் பெயரைச் சூட்டாதீர்கள். எந்த ஊரில், எந்த ஆண்டு, யாரிடம் வாங்கினீர்கள் என்பதையும், பின்பக்கத்தில் இருந்தவற்றின் ஒளிப்படத்தையும் ஒரு உறையில் போட்டு, சட்டத்தின் பின்னால் கட்டிவிடுங்கள். துணியில் எதையும் ஒட்ட வேண்டாம். 'உணவுக்கூடம், 4' என்ற அந்தத் துண்டும் இப்போது அப்படி ஓர் உறையில்தான் இருக்கிறது.